புச்செலிக்கும் புர்கோஸுக்கும் நடுவே

மாகாணத் தலைநகரம்
அக்டோபர் 6, 1996

அன்புள்ள மீரேயா,

நீயும் உன் அப்பாவான என் தம்பி செகுந்தோவும் உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏற வழி உண்டா என்ற உன் கேள்விக்குப் பதிலாக இந்தக் கடிதத்தில் வருபவை:

1. என் உடல்நிலை.
2. விதி என்ன சொல்கிறது.
3. வகுப்பில் கேட்போராக இருப்பதால் உனக்கு இழப்பு எதுவும் இல்லை என்பது.
4. நீ செய்ய வேண்டியது.

முதலாவது. வலது முழங்கால் குளிரில் மட்டும் வலிக்கிறது. எரிமலை இரண்டு வாரமாகப் புகைவதால் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மற்றபடி சுகம்.

இரண்டாவது. மாகாணக் கல்வித்துறையின் 1978-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை எண் 17, நான்காம் பிரிவு. பார்வையற்ற மாணவர் சாதாரணப் பள்ளியில் கேட்போராக அமரலாம். பெயர் பதிவேட்டில் ஏறாது, மதிப்பெண்ணும் பதிவாகாது. பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டுமானால் இங்குள்ள சிறப்புப் பள்ளியில் சேர வேண்டும். பதிவு எதுவும் இல்லாததால், நீ இப்போது இருக்கும் கடைசி வகுப்பான பதினொன்றில் அல்ல, ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்ப்பார்கள்.

மூன்றாவது. பெயர் ஒரு நோட்டில் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? பாடத்தைக் காது கேட்டது, மனம் வாங்கிக்கொண்டது. படிப்பு படிப்புதான். இதில் நான் தவறாகவும் இருக்கலாம், ஆனால் அப்படித் தோன்றவில்லை.

நான்காவது. இங்கே வந்துவிடு. பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் ஓடிவிடும்.

இதை உனக்குப் படித்துக் காட்டுகிறவருக்கும் என் வணக்கம்.

உன் பெரியப்பா,
எலிசேயோ


சான் ரோக்கே
அக்டோபர் 15

அன்புள்ள பெரியப்பா,

அப்பா, அம்மா, நான், மூன்று பசுக்கள், எல்லோரும் சுகம். முழங்காலுக்கு அம்மா களிம்பு காய்ச்சி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறாள். குதிரைக்குப் போட்டது போக மீதி. குதிரை ஓடுகிறது.

படித்துக் காட்டியவள் தெயானிரா. வகுப்பில் என் பக்கத்து இருக்கை, பத்து வருடமாகக் கரும்பலகையை என் காதில் படிக்கிறவள். உங்கள் வணக்கத்தை வாங்கிக்கொண்டு, "உங்க பெரியப்பா கடுதாசி எழுதலடி, சுற்றறிக்கை விட்டிருக்காரு. ஒரு நகல் எடுத்து ஃபைல்ல வைக்கணுமாம்மா?" என்றாள்.

உங்கள் மூன்றாவது குறிப்புக்குப் பதில் சொல்கிறேன். தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறார்கள். பெனாவிதெஸ், உள்ளேன். புச்செலி, உள்ளேன். புர்கோஸ், உள்ளேன். புச்செலிக்கும் புர்கோஸுக்கும் நடுவேதான் நம் குடும்பப் பெயர், புர்பானோ, வர வேண்டும். அங்கே ஆசிரியர் மூச்சுக்கூட விடுவதில்லை. பத்து வருடமாகப் புச்செலி பதில் சொன்னதும் என் வாய் தானாகத் திறக்கிறது. அதற்குள் புர்கோஸ் வந்துவிடுகிறான். கணக்கு ஆசிரியர் என் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணைக் காதில் சொல்வார். எதிலும் எழுத மாட்டார். போன தேர்வில் வகுப்பில் நான்தான் முதல். அது ஆசிரியருக்கும் என் காதுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

சிறப்புப் பள்ளி நல்ல பள்ளிதான். விடுமுறைகளில் உங்கள் வீட்டில் தங்கி அங்கேதான் பிரெய்ல் கற்றேன். ஆனால் படித்து முடித்ததை மறுபடி படிக்க அங்கே வர மாட்டேன். மார்ச்சில் அரசுத் தேர்வு. பதிவேட்டில் உள்ள பெயர்களைத்தான் பள்ளி அனுப்பும், கடைசி நாள் பிப்ரவரி பதினைந்து. அதற்குள் என் பெயர் ஏற வேண்டும். உங்கள் பின்கட்டு அறைக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருகிறேன்.

நீங்கள் முப்பத்தோரு வருடம் அந்தக் கல்வித்துறை அலுவலகத்தில் இருந்தீர்கள். நான்காம் பிரிவை எழுதியது யார், பெரியப்பா? என்ன காரணத்துக்காக?

முத்தங்களுடன்,
மீரேயா


தலைநகரம்
நவம்பர் 2

அன்புள்ள மீரேயா,

களிம்பு வந்தது. குதிரையைப் பற்றி முன்பே சொல்லாமல் இருந்திருக்கலாம். குணம் தெரிகிறது. இன்று கல்லறைத் திருநாள். உன் தாத்தாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுது. மூன்று பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம். ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுது, ‘கோருகிறேன்’ என்று வேண்டாம். பதில் வர ஆறு வாரம் ஆகலாம். பொறுமையாக இரு. தெயானிராவிடம் சொல், நகல் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்தான்.

உன் மற்றக் கேள்விகளுக்குப் பதில் எழுத இப்போது நேரம் போதவில்லை. வியாழக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

பெரியப்பா


சான் ரோக்கே
நவம்பர் 28

அன்புள்ள பெரியப்பா,

எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? வியாழக்கிழமை வேலை என்ன? தெயானிரா, "விதவை யாராவது இருப்பாங்கடி" என்கிறாள்.

‘கேட்டுக்கொள்கிறேன்’ என்றே எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. ‘தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.’ அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அம்பாரோ அம்மாவிடம் போனேன்.

"உன்ன வகுப்புல உட்காரவிட்டிருக்கேன்ல? அதுவே பெரிய விஷயம்மா."

"பத்து வருஷமா உட்கார்ந்திருக்கேன் அம்மா. நான் உட்கார்ற நாற்காலிக்குக்கூடப் பள்ளிச் சாமான் பட்டியல்ல ஒரு நம்பர் இருக்கு. எனக்கு இல்ல."

"வாய் மட்டும் பதினோராம் வகுப்பு பாஸ் பண்ணிருச்சு."

"அதையாவது பதிவேட்டுல எழுதுங்க."

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கையில இல்லடி கண்ணு. துறையிலேர்ந்து ஒரு தாள் வரட்டும், அன்னைக்கே எழுதுறேன்" என்றார். அது பொய்யில்லை என்று குரலில் தெரிந்தது.

சந்தையில் வெங்காயம் விற்கும் ரோசால்பாவிடம் இதைச் சொன்னேன். உரிமை மறுக்கப்பட்டவர் நேரே நீதிபதியிடம் கொடுக்கலாமே, அந்தத் துத்தேலா மனு போடச் சொன்னாள். "வக்கீலா? எதுக்குடி? ஒரு தாள், ஒரு பேனா. ஆஸ்பத்திரியில கிட்னி மருந்து தரமாட்டோம்னாங்க. நானே எழுதி நீதிபதி மேசையில வச்சேன். எழுத்துப் பிழை பன்னெண்டு இருந்துதாம். பத்து வேலை நாளுக்குள்ள தீர்ப்பு சொல்லியே ஆகணும் அவங்க. ஒன்பதாம் நாள் மருந்து வந்துது."

எனக்குத் தட்டச்சில் பிழை வராது. பண்டிகை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும் மனு போடப் போகிறேன். என் முந்தைய கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்குப் பதில் வரவில்லை. தபாலில் உதிர்ந்திருக்கும்.

மீரேயா


தலைநகரம்
டிசம்பர் 12

அன்புள்ள மீரேயா,

முழங்கால் பரவாயில்லை. விதவை யாரும் இல்லை என்று உன் தோழியிடம் தெரிவிக்கவும்.

துத்தேலா என்றால் துறைமீது வழக்கு. என் பழைய சகாக்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். உன் பெயரும் குடும்பப் பெயரும் நீதிமன்றத் தாளில் ஏறும். தோற்றால் அம்பாரோ அம்மா உன்னைக் கேட்போராகக்கூட வைத்திருக்க முடியாமல் போகலாம். நான் பயந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் பயந்தவன் சொல்வதெல்லாம் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

உனக்காக நேற்று அலுவலகத்துக்கே போனேன். என் பழைய மேசையில் ஓர் இளைஞர். நல்லவர், காபி கொடுத்தார். "சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். நாற்பது நிமிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஏனோ மனம் சரியில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மனுவைத் தள்ளிப் போடு.

பெரியப்பா


சான் ரோக்கே
ஜனவரி 21, 1997

பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தெயானிராவுக்கு மட்டும் பொன்னுக்கு வீங்கி, வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

மனுவைப் பதினான்காம் தேதி கொடுத்தேன். நான்காம் பிரிவு ‘நிபுணர் ஆய்வின் அடிப்படையில்’ எழுதப்பட்டது என்று துறை பதில் அனுப்பியிருக்கிறது. நீதிபதி அந்த ஆய்வைக் கேட்டார். கோப்பு இடம் மாறும்போது தொலைந்துவிட்டதாம், ஆனால் ஆய்வு நடந்தது உறுதியாம். ஆய்வு என்று ஒன்று இருந்தால் அதைத் தள்ளுவது கடினம் என்று நீதிமன்ற எழுத்தர் என்னிடம் சொன்னார். தீர்ப்பு இருபத்தெட்டாம் தேதி.

சுற்றறிக்கையின் நகலை எழுத்தரே எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில், கீழ் மூலையில், வரைவு எழுதியவரின் முதலெழுத்துகள் இருந்தன. எ.பு.

உங்கள் அலுவலகத்தில் எத்தனை எ.பு. இருந்தார்கள், பெரியப்பா? அது நீங்கள் என்றால், அந்த ஆய்வைக் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தேன் என்று சொன்னாலும் நம்புகிறேன். சொல்லுங்கள், போதும்.

மீரேயா


தலைநகரம்
ஜனவரி 23

அன்புள்ள மீரேயா,

நலம். உன் கடிதம் வந்தது. இரண்டு தாளும் வெறுமையாக இருக்கின்றன. டைப்ரைட்டரின் ரிப்பன் தீர்ந்திருக்கும். யாரையாவது பார்க்கச் சொல்லி மாற்றிக்கொள்.

தெயானிராவுக்குக் காய்ச்சல் இருந்தால் கவனமாக இருங்கள்.

பெரியப்பா


சான் ரோக்கே
ஜனவரி 24

பெரியப்பாவுக்கு,

ரிப்பன் மாற்றியாகிவிட்டது. இதை அம்மா சரிபார்த்து அனுப்புகிறாள்.

வெற்றுத்தாளில், தெயானிராவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

டைப்ரைட்டர் எழுத்துகளால் தாளில் பள்ளம் விழும். தடவினால் எனக்கே தெரியும். கேட்டதை இன்னொரு முறை கேட்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

மீரேயா


தலைநகரம்
ஜனவரி 25
(பிரெய்லில், கையால் குத்தியது)

அன்புள்ள மீரேயா,

இதை யாரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டாம். வியாழக்கிழமை வேலை இதுதான். நவம்பரிலிருந்து சிறப்புப் பள்ளியில் ஹெரார்தோ ஆசிரியரிடம் கற்று வருகிறேன். "எழுபத்துநாலு வயசுல யாருக்குங்க காதல் கடிதம்?" என்று முதல் நாள் கேட்டார். யாரும் நடுவில் படிக்க முடியாத கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்றேன். பிறகு அவர் கேலி செய்யவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்ததும் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. பத்து நிமிடம் பிடித்தது. வெற்றுத்தாள் என்று எழுதினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்தப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

நான்தான் எழுதினேன். 1978, ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. பார்வையற்ற பையனின் தேர்வை யார் திருத்துவது என்று ஒரு பள்ளி கேட்டிருந்தது. இயக்குநர், "நாலு மணிக்குள்ள ஒரு விதி வேணும்" என்றார். மூன்றரைக்கு முடித்தேன். "காரணம்னு ஏதாவது போடணுமே" என்றார். ‘நிபுணர் ஆய்வின் அடிப்படையில்’ என்று சேர்த்தேன். ஆய்வு எதுவும் இல்லை. அதுவரை நான் ஒரு பார்வையற்ற குழந்தையைப் பார்த்ததுகூட இல்லை. அடுத்த வருடம் நீ பிறந்தாய்.

உனக்கு ஏழு வயதானபோது உன் அப்பா என்னிடம் வந்தான். நான் சிபாரிசு செய்து உன்னைக் கேட்போராகச் சேர்த்துவிட்டேன். நன்றிக்காக உன் அம்மா எனக்குக் குய், விருந்துக்கென்றே வளர்த்த கினிப்பன்றி, வறுத்துப் போட்டாள். நான் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

தீர்ப்புக்கு முன்பே சாட்சி சொல்ல, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

எலிசேயோ


சான் ரோக்கே
பிப்ரவரி 5

அன்புள்ள பெரியப்பா,

எல்லோரும் சுகம். பஸ்ஸின் குலுக்கலில் முழங்கால் என்ன ஆனது என்று அம்மா கேட்கிறாள். நீங்கள் வீட்டில் தங்காமல் அன்றே திரும்பியதில் அவளுக்கு வருத்தம். அப்பாவுக்குக் கோபம், ஆனால் தங்காததால் அல்ல. பேசுவார், நாளாகும்.

முதலில் உங்கள் கடிதம். எனக்கு வந்த கடிதங்களில் நானே படித்தது இது ஒன்றுதான். முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் ‘நான்தான் எழுதினேன்’ என்ற வரியிலிருந்து கடைசிவரை, தாளின் பின்புறத்தில் குத்துவதால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதையே மறந்துவிட்டீர்கள். எல்லாம் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பது போல வந்திருக்கிறது. பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிப் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ‘முழுவதும் சாப்பிட்டேன்’ என்பதை இரண்டு முறை தடவினேன்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நீங்கள் பார்த்தது வேறு. நான் கேட்டதைச் சொல்கிறேன்.

எழுத்தர், "பேரு?" என்றார்.

"எ. புர்பானோ."

"முழுப் பேரு சொல்லுங்க ஐயா."

உங்கள் நாற்காலி கிறீச்சிட்டது. "எலிசேயோ புர்பானோ ரொசேரோ."

நீதிபதி கேட்டார், "அந்த ஆய்வு எங்க இருக்கு?"

"இல்லீங்க அம்மா."

"தொலைஞ்சுபோச்சா?"

"இருந்ததே இல்லீங்க."

துறையின் வக்கீல் எழுந்தார். "அம்மா, இவருக்கு எழுபத்துநாலு வயசு. ஞாபகம் முன்னபின்ன இருக்கும்."

அப்போதுதான் நீங்கள் அதைச் செய்தீர்கள். சுற்றறிக்கை பதினேழு, ஒன்பது பிரிவுகள், தேதி, பக்க எண், கமா எங்கே வருகிறது என்பதுவரை ஒப்பித்தீர்கள். குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆறாம் பிரிவில் வக்கீல் உட்காரும் சத்தம் கேட்டது. ஏழாம் பிரிவில் நீதிபதி, "போதும் ஐயா" என்றார். "இன்னும் ரெண்டு இருக்குங்க" என்றீர்கள். பின்னால் ரோசால்பா வாய்விட்டுச் சிரித்தாள்.

தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். என் பெயரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அம்மா பெட்டியில் சேர்த்துவைத்த என் விடைத்தாள்களைக் கொண்டு பத்து வருட மதிப்பெண்ணும் அதோடு ஏற வேண்டும், தேர்வில் எனக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். துறை மேல்முறையீடு செய்திருக்கிறது. செய்யட்டும். அது முடியும்வரை இந்தத் தீர்ப்பு செல்லும். தேர்வுக்கான பட்டியலை அம்பாரோ அம்மா நேற்றே அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அம்பாரோ அம்மாவே வகுப்புக்கு வந்து பெயர் கூப்பிட்டார். புச்செலி, உள்ளேன் என்றான். அம்மா நிறுத்தினார். தாள் புரளும் சத்தம் கேட்டது. "புர்பானோ, மீரேயா." பத்து வருடமாகத் தானாகத் திறந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தெயானிரா, இன்னும் வீங்கிய கன்னத்தோடு, விலாவில் இடித்து, "ஏய், பத்து வருஷம் ஒத்திகை பார்த்தியே, சொல்லேன்டி!" என்றாள். சொன்னேன். பக்கத்து வகுப்புக்குக் கேட்டதாம்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன், பிரெய்லில். வியாழக்கிழமைகளை விட்டுவிடாதீர்கள்.

மீரேயா


தலைநகரம்
மார்ச் 2, 1997
(பிரெய்லில், திசை இரண்டு முறை சரிபார்க்கப்பட்டது)

அன்புள்ள மீரேயா,

முழங்கால் வீங்கி, வடிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்து அல்ல. இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள்தான்.

முதலாவது. மேல் நீதிமன்றம் வியாழக்கிழமை துறையின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆனால் துத்தேலா மனு போட்டவருக்கு மட்டுமே பலன் தரும். நான்காம் பிரிவு மற்றவர்களுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஹெரார்தோ ஆசிரியரும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். மாகாணத்தில் எங்களுக்குத் தெரிந்து பதினொரு பேர் கேட்போராக உட்கார்ந்திருக்கிறார்கள். பதினொரு மனு தயார் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரே தாள். ‘கோருகிறேன்’ என்றே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றோடும் என் சாட்சியம், அடியில் முழுப் பெயர். நேற்று அந்த அலுவலக இளைஞரைத் தெருவில் பார்த்தேன். "ஐயா, எங்களுக்கு ஏங்க இந்த வேலை வைக்கிறீங்க?" என்றார். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

இரண்டாவது. முப்பத்தோரு வருடம் தாளின் கீழ் மூலையில் இரண்டு எழுத்தாக இருந்தவன் நான். உன் ஊர் நீதிமன்றத்தில் எழுத்தர் என் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்து, உரக்கப் படித்து, "இது நீங்கதானே?" என்று கேட்டார். ஆம் என்று நானும் உரக்கவே சொன்னேன். அதனால் இதைப் பதிவு செய்கிறேன், நகலைத் தெயானிரா ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்: என் அக்டோபர் 6-ஆம் தேதிக் கடிதத்தின் மூன்றாவது குறிப்பு தவறு.

எலிசேயோ புர்பானோ ரொசேரோ